தேம்பாவணி வகுப்பு

நற்செய்தியில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் தூதர் சொன்னதைக் கேட்டு எழுந்து போவார், அவ்வளவுதான். அவரைக் காப்பியத் தலைவனாக வைத்து வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாட்டுப் பாடியிருக்கிறார் என்று தமிழ் ஐயா சொன்னபோது, பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்களில் பாதிப் பேர் ஞாயிறுதோறும் புதுச்சேரி சம்பா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். ஆனாலும் சூசையப்பருக்கு வளன் என்று தமிழில் ஒரு பெயர் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

முனிவரின் வரலாற்றை ஐயா வேகமாகத்தான் சொல்லிக்கொண்டு போவார். 1680ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார், இயேசு சபையில் சேர்ந்தார், 1710ல் கோவாவில் வந்து இறங்கினார். சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்கிற கதைக்கெல்லாம் ஐயா நேரம் ஒதுக்கியதில்லை. முப்பது வயதுக்கு மேல் தமிழ் அரிச்சுவடியைக் கையில் எடுத்தவர், 1726ல் தேம்பாவணியை முடித்துவிட்டார். ஐயாவுக்கு அதுதான் பெரிது. "பக்தி இருந்தா மட்டும் போதாதுடா, இப்படி உட்கார்ந்து படிக்கணும்" என்பார்.

அப்புறம் கருணையன் பாட்டு. திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் வைத்த பெயர்தான் கருணையன். தாய் எலிசபெத் இறந்துபோகிறாள், மகன் காட்டில் தனியாக நிற்கிறான். ஐயா அதை முகாரியில் இழுத்துப் பாடுவார், மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். 'காய்மணி யாகு முன்னர்க் காய்ந்தெனக் காய்ந்தேன் அந்தோ' என்ற அடி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பாகூரிலிருந்து வரும் பையன் ஒருவனை எழுப்பினார்.

"கதிர் பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி இல்லன்னா என்னடா ஆகும்?"

"பதராப் போயிடும் ஐயா."

"அதேதான். அம்மா பேச்சுதான் அவனுக்கு மழை. மணி பிடிக்கிறதுக்கு முன்னாலேயே மழை நின்னுபோச்சு."

தேம்பாவணியில் யூதேயா நாட்டிலும் நெல் விளையும். பாலைவனம் சூழ்ந்த பூமியில் ஏது இவ்வளவு நெல்வயல் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகவே படவில்லை. நம் மண்ணில் விளைவதையெல்லாம் குழந்தை இயேசுவின் வீட்டுக்கு அனுப்பி வைத்த மனசு அது. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் வைத்துப் புடவை கட்டிய கோலத்தில் நிறுத்தியதும் அதே மனசுதான். ஒரு விடுமுறையில் ஐயா எங்களை உளுந்தூர்பேட்டை வழியாக அங்கே கூட்டிப்போனார். தேம்பாவணி இங்கேதான் பிறந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொன்னார்கள். வேண்டுதலுக்கு வந்த பெண்கள் கையில் மல்லிகைச் சரத்தோடு, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதுபோல் மாதாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றை பாரிசில் இருக்கும் நம் சங்கத்தார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் ஏட்டிலேயே இருந்த தேம்பாவணியை முதன்முதலில் அச்சில் ஏற்றியது நம் புதுவை மிஷன் அச்சகம். 1851லிருந்து 1853க்குள் மூன்று பாகமாக வெளியிட்டார்கள். மிஷன் வீதியில் தினமும் சைக்கிள் மிதித்த நமக்கு யாராவது இதைச் சொன்னார்களா? ஐயா ஒருவர்தான் சொன்னார்.

பாரிசுக்கு வந்த பிறகு வேலை, குடும்பம் என்று காலம் ஓடிவிட்டது. அம்மா தவறியபோது நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உப்பளம் கல்லறையில் அண்ணன் பக்கத்தில் நின்றபோது செபம் எதுவும் வாயில் வரவில்லை, கருணையன் பாட்டுதான் வந்தது. முழுசாகச் சொன்னேன். இத்தாலியை விட்டு வந்த முனிவர் திரும்பிப் போகவேயில்லை. 1747ல் கேரளத்து அம்பலக்காட்டில் இறந்தார். தன் தாயை நினைக்காமல் அந்தப் பாட்டை அவர் எழுதியிருக்க முடியாது என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

மார்ச் 19 சூசையப்பர் திருநாளுக்கு நம் சங்கம் பூசை வைக்கிறது. அதில் தேம்பாவணியிலிருந்து நாலு விருத்தமாவது பிள்ளைகள் பாட வேண்டும் என்பது என் ஆசை. சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பி வைத்தால், ஐயா சொல்லிக்கொடுத்த மெட்டிலேயே நான் சொல்லித் தருகிறேன். பதம் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும் வரலாம்.