சரிக்கு வட்டம், தப்புக்கு டிக்

கணவரின் வேலைக்காக 2019இல் டோக்கியோ வந்தோம். வீடு நிஷிகசாயில். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி, கறிவேப்பிலைக்குக்கூட அலைய வேண்டாம். என்னுடையது கணவரைச் சார்ந்த விசா. அதில் இருப்பவர் வேலை பார்க்க, குடிவரவு அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது, ஷினகாவா அலுவலகத்தில் காத்துக் கிடக்கும் பொறுமைதான் வேண்டும். சில வாரம் கழித்து ஜைர்யூ கார்டின், அதாவது குடியிருப்பு அட்டையின், பின்பக்கம் முத்திரை விழுந்தது. வாரத்துக்கு 28 மணி நேரம், அதைத் தாண்டக் கூடாது.

வேலை தேடினால் பாதி விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்றுதான் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன எய்கைவாவில், அதாவது ஆங்கிலப் பேச்சு வகுப்பில், மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் பாடம் நடக்கும் நிமிடங்களுக்கு மட்டும். படம் வெட்டி அட்டை செய்யும் நேரமெல்லாம் என் கணக்கு. அதைக் கேட்டுச் சண்டை போடும் அளவுக்கு எனக்கு அப்போது ஜப்பானிய மொழி வராது.

சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஆறு பேர். 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் முறையான பாடமாகப் போகிறது என்று பெற்றோர் முன்கூட்டியே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு குட்டித் தேர்வு வைத்தேன். ஒரு பெண் பத்துக்குப் பத்து. மகிழ்ச்சியில் சிவப்புப் பேனாவால் பெரிது பெரிதாகப் பத்து டிக் போட்டுத் தாளை நீட்டினேன். அவள் பார்த்தாள். உதடு துடித்தது. பொலபொலவென்று கண்ணீர். 'வெரி குட், வெரி குட்' என்கிறேன், அழுகை கூடுகிறது. வெளியே இருந்த அம்மா வந்து தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம், டிக் போட்டால் தப்பு! எல்லாமே சரி என்றால் ஹனமாரு, வட்டத்தைச் சுழித்துச் சுற்றிலும் இதழ் வரைய வேண்டும். அங்கேயே உட்கார்ந்து பத்து டிக்கையும் வட்டத்துக்குள் மூடி, மேலே ஒரு பூவும் போட்டேன். அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இலையும் வேண்டும் என்றாள். (என் மகனின் தமிழ் நோட்டில்கூட இப்போது வட்டம்தான். டிக்கைப் பார்த்தால் 'எல்லாமே தப்பாம்மா?' என்கிறான்.)

'டெஸ்க்' என்றால் 'தெசுகு', 'மில்க்' என்றால் 'மிருகு'. மற்ற ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்குக் கோபமே வராது. 'பஸ்ஸு', 'லைட்டு' என்று வால் ஒட்டித்தானே நாமும் பேசுகிறோம். 'ரிங்கோ ஓ தபெமாசு' என்பதும் 'ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்' என்பதும் ஒரே வரிசை. அதனால் 'ஐ ஆப்பிள் ஈட்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். லகரமும் ரகரமும்தான் படுத்தின. ஒரு சுவரில் 'லைட்' அட்டை, எதிர்ச் சுவரில் 'ரைட்' அட்டை. நான் சொல்லும் சுவருக்கு ஓட வேண்டும். நாக்குக்குப் பிடிபட மாதங்கள் ஆயின, காதுக்கு முதலில் பிடிபட்டது.

பெரிய பிள்ளைகள் வேறு கதை. இரவு ஏழரைக்கு, பள்ளியில் புகாட்சு என்னும் விளையாட்டு, கலைக் குழுப் பயிற்சி முடிந்து சோர்ந்துபோய் வருவார்கள், நான்கு பேர். இலக்கணம் என்னைவிடத் தெரியும். வாயைத் திறக்கத்தான் மாட்டார்கள். 'நேற்று என்ன செய்தாய்?' என்றால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அந்த மௌனம் தாங்காமல் பதிலையும் நானே சொல்லித் தொலைப்பேன். அப்புறம் மனசுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். ஏழு, எட்டில் எங்கிருந்தாவது ஒரு 'எட்டோ...' கிளம்பும், நம் 'வந்து...' மாதிரி. யார் முதலில் பேசுவது என்பதற்கு ஜான்கென், நம் கல்-காகிதம்-கத்தரி. ஜான்கென் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது.

எய்கென் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் மூன்றாம் நிலையில் நேர்காணல் உண்டு. கதவைத் தட்டி, 'மே ஐ கம் இன்?' என்பதிலிருந்து பழக்கினேன். எங்கள் இடத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது கழிப்பறைக் கதவு ஒன்றுதான். பேஸ்பால் ஆடிக் கறுத்த ஒரு பையன் விறைப்பாக நின்று தட்டி, கேட்டான். உள்ளேயிருந்து உரிமையாளரின் குரல்: 'நோ! நோ!'

அன்றைக்கு அந்த வகுப்பில் மௌனமே இல்லை.