முதல் குகைப் பயணம்: ஆளுக்கு மூன்று விளக்கு, குறைந்தது நான்கு பேர்

குகைக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் கொடைக்கானலில் தேட வேண்டாம். நாம் குணா குகை என்று சொல்வது பாறைகளுக்கு நடுவே விழுந்த ஆழமான பிளவு. கிலோமீட்டர் கணக்கில் நீளும் குகைகளைத் தண்ணீர்தான் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்குகிறது. நம் மலைகளின் சார்னோக்கைட் என்ற கருங்கல் வகைப் பாறை அப்படிக் கரையாது. ஆந்திராவின் போரா, பேலம் குகைகளில் விளக்கும் பாதையும் போட்டிருக்கிறார்கள். அங்கே நடந்து பார்க்கலாம், அவ்வளவுதான். தவழ்ந்து, நனைந்து, சேற்றில் புரண்டு போக வேண்டுமென்றால் மேகாலயா.

சோராவில் (நம் பாடப்புத்தகச் சிரபுஞ்சி) மௌஸ்மாய் குகையில் தொடங்குங்கள். சுமார் 150 மீட்டர் தூரத்துக்கு மின்விளக்கு உண்டு. உடம்பைத் திருப்பி நுழையும் இடங்களும் உண்டு. அங்கேயே நெஞ்சு படபடத்தால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படபடக்கவில்லை என்றால் அடுத்தது விளக்கில்லாத, தண்ணீர் ஓடும் மௌம்லூ. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அதில் இறங்காதீர்கள். மற்ற குகைகள் பெரும்பாலும் ஊருக்கோ குலத்துக்கோ சொந்தமான நிலத்தில் இருப்பவை. ஊர்த் தலைவரான ரங்பா ஷ்னோங்கிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் குகை என்பது மலையின் சாக்கடைக் குழாய். வாசலில் வெயில் அடிக்கும்போதே, மேலே எங்கோ பெய்த மழை உள்ளே வந்து சேரும். கூரையில் இலையும் சுள்ளியும் ஒட்டியிருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று பொருள். ஓடும் நீர் திடீரென்று கலங்கினாலோ இரைச்சல் மாறினாலோ யோசிக்காமல் வெளியேறுங்கள். வாசல் தூரம் என்றால் உயரமான இடத்தில் ஏறி உட்காருங்கள். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23 அன்று உள்ளே போன 13 பேரை அடைத்துப்போட்டது மழைத் தண்ணீர்தான். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10.

விளக்கில் கஞ்சத்தனம் கூடாது. ஆளுக்கு மூன்று. ஒன்று ஹெல்மெட்டில், கை இரண்டும் பாறையைப் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டும் தனியாகவே உங்களை வெளியே கொண்டுவரும் அளவுக்கு வெளிச்சம் தர வேண்டும். செல்போன் டார்ச் கணக்கில் சேராது. டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் வெளிச்சத்தில் வீட்டிலேயே எரியவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். பல எல்இடி விளக்குகள் கடைசிவரை ஒரே மாதிரி எரிந்துவிட்டுச் சட்டென்று மங்கிவிடும். மூன்றுக்கும் ஒரே அளவு பேட்டரி என்றால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி மாற்றிப் பழகுங்கள்.

ஹெல்மெட் மலையேறுபவர்களுடையது, தாடைப்பட்டையோடு. கட்டட வேலைத் தொப்பி குனிந்தால் கழன்று விழும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டவே வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உள்ளே காயவும் காயாது. பாலியஸ்டர் உடுப்பு, மேலே மெக்கானிக் ஓவரால், முட்டிக்குப் பேட், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் பூசிய கையுறை, காலுக்கு கம்பூட். பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், முதலுதவிப் பொருள்கள். கூடவே ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய குப்பை உறை ஒன்று; யாராவது அடிபட்டுக் காத்திருக்க நேர்ந்தால் குளிரிலிருந்து காப்பது அதுதான்.

நான்கு பேர் ஏன்? ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் சேர்ந்து வெளியே போகலாம். நான்கு மணி நேரப் பயணம் என்றால் ஒன்றரை மணி நேரம் உள்ளே போனதுமே திரும்பி நடக்கத் தொடங்குங்கள். களைத்த உடம்புக்கு அதே பாதை நீளம். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று பின்னால் பாருங்கள், திரும்பி வரும்போது அந்த இடம் வேறு முகம் காட்டும். கீழ்நோக்கிச் சரியும் இடுக்கில் தலையை முதலில் விடாதீர்கள். சிக்கினால் உங்கள் எடையே உங்களை உள்ளே அழுத்தும், பின்வாங்க வழியிராது. உலர்ந்த வௌவால் எச்சம் புழுதியாகப் பறக்கும் இடத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். முகக்கவசம் போடுங்கள், அல்லது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சுண்ணாம்புத் தூண்களைத் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் வளர்ச்சி கெடும். பூமியின் வரலாற்றில் 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலகட்டத்துக்கு 2018-இல் மேகாலயன் என்று பெயர் வைத்தார்களே, அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது மௌம்லூ குகைக்குள் வளர்ந்த ஒரு தூணைத்தான்.

உள்ளே சிக்னல் கிடையாது. எந்தக் குகை, எந்த வாசல், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் ஆள் அனுப்ப வேண்டும் என்று எழுதி, வெளியே பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளியே வந்ததும் டீக்கடைக்கு ஓடாமல் முதலில் அவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஊரே கயிறும் விளக்குமாகக் குகைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.