பி6 நகல் சார்ஜரை நம்பும்படி ஆக்கிய கதை: அடாப்டரில் தொடங்கி காலிபரேஷன் வரை

ட்ரோன், ரிமோட் கார் பேட்டரிகளை ஏற்றும் ஐமேக்ஸ் பி6 மாதிரியில் வரும் நகல் சார்ஜர் வைத்திருப்பவர்கள் திரையில் ஒரு செல்லுக்கு 4.20 வோல்ட் என்று தெரிந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். என்னுடையது மூன்று செல்லுக்கும் 4.20 காட்டிக்கொண்டே இரண்டாம் செல்லை மட்டும் 4.25 வரை ஏற்றியிருக்கிறது. 3எஸ் 2200 பேக் (மூன்று செல் தொடராக இணைத்த 2200 எம்ஏஎச் லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்று நடுவில் லேசாக உப்பிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. லைப்போ செல் 4.20ஐத் தாண்டத் தாண்ட ஆயுள் குறையும், உள்ளே வாயு சேரும், எல்லை மீறினால் தீப்பிடிக்கும். இதை வீட்டுக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறோம் என்பதால் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அளவைத் திருத்துவதற்கு முன் பவர் சப்ளையைத் திருத்த வேண்டியிருந்தது. இந்த வகை சார்ஜரில் உள்ளே சப்ளை கிடையாது. 11 முதல் 18 வோல்ட் வரை டிசி வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "12 வோல்ட் 5 ஆம்பியர்" என்று அச்சடித்த அடாப்டர் வாங்கினேன். 2.2 ஆம்பியரில் 3எஸ் பேக் ஏற்றினால் உச்சத்தில் 28 வாட் போகும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 35 வாட். ஐந்து ஆம்பியர் அடாப்டருக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனால் கரண்ட் 1.5ஐத் தாண்டியதும் பீப் அடித்து "டிசி இன் டூ லோ" (உள்ளே வரும் வோல்ட் போதவில்லை) என்று நின்றுவிடும். அதற்குக் கீழே ஓடும்போதும் செல் அளவுகள் நிலையாக நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தன.

கடைக்காரர் தன் மல்டிமீட்டரை வெறும் அடாப்டரில் வைத்தார். "இதோ பாருங்க சார், பன்னெண்டு வோல்ட் கரெக்டா வருது. உங்க சார்ஜர்லதான் ப்ராப்ளம்."

"அண்ணா, லோடு போட்டுப் பாருங்க" என்றேன். கேட்கவே இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

மறுபடி போனபோது கையில் கார் பிரேக் லைட் பல்பு இரண்டு, ஒயர் பிடித்துப் பேரலலாகச் சேர்த்தது. ஒன்று 21 வாட், இரண்டும் சேர்ந்தால் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அவர் கண் முன்னாலேயே அவர் மீட்டரையே வைத்துக் காட்டினேன். 12.1 என்று இருந்தது பல்பைத் தொட்டதும் 9.6க்கு இறங்கியது. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "பணம் ரிட்டர்ன் கிடையாது சார், வேற ஐட்டம் எடுத்துக்கங்க" என்றார். மேலே கொஞ்சம் பணம் கொடுத்து, எல்இடி ஸ்ட்ரிப்புக்குப் போடுகிற ஓட்டை ஓட்டையான தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 12 வோல்ட் 10 ஆம்பியர், எடுத்துக்கொண்டேன். அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பல்பு கையோடு கொண்டு போங்கள். லேபிளை விட அதை நம்பலாம்.

இந்தத் தகரப்பெட்டியில் கவனம் தேவை. 230 வோல்ட் வரும் திருகுகள் வெளியே தெரியும்படியே இருக்கும். அதன் மேல் மூடி போடாமல் ஆன் செய்யாதீர்கள், எர்த்தைக் கட்டாயம் இணையுங்கள். பக்கவாட்டில் 115/230 சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் சொருகும் முன் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். அளவு மாற்றும் சின்னத் திருகைத் திருப்பி 12.8இல் வைத்தேன். சார்ஜரோடு வந்த மெல்லிய முதலை கிளிப் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு தடிமனான 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட்டேன். குதிப்பு நின்றது.

இனி காலிபரேஷன், அதாவது சார்ஜர் காட்டும் அளவைச் சரிசெய்வது. பேக்கின் பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க உதவும் சின்ன வெள்ளை பிளக்) மல்டிமீட்டர் வைத்தால் 4.26, 4.31, 4.24. மூன்றுமே தவறு என்று சார்ஜரைத் திருத்தத் தோன்றும். அதற்கு முன் மீட்டரையே சோதித்தது நல்லதாயிற்று. ஏடி584 ரெஃபரன்ஸ் போர்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன், 2.5, 5, 7.5, 10 வோல்ட் துல்லியமாகத் தரும். அதன் 5 வோல்ட்டை என் மீட்டர் 5.07 என்றது. காரணம், மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. மலிவான மீட்டர்களில் அது இறங்கினால் அளவு கூடிக் காட்டும். புதியது போட்டதும் 5.01. பேக்கை மறுபடி அளந்தால் 4.20, 4.25, 4.19. ஆக, கெட்டது இரண்டாம் செல்லின் கணக்கு மட்டும்தான். பழைய பேட்டரியோடு திருத்தியிருந்தால் எல்லாப் பேக்கும் குறைவாகவே ஏறியிருக்கும்.

அளக்கும்போது மீட்டர் ஒயரின் கூர்முனையை நேராகக் கனெக்டருக்குள் விடாதீர்கள். இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளிதான், கொஞ்சம் வழுக்கினாலும் ஷார்ட். பேலன்ஸ் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை வெட்டி, முனைகளைத் தனித்தனியாகப் பிரித்து டேப் ஒட்டி வைத்துக்கொண்டால் நிம்மதி.

என் சார்ஜரில் நடுவில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் காலிபரேஷன் மெனு வந்தது. அரை மணி நேரம் ஓய்வாக இருந்த பேக்கை மாட்டி, மெனுவில் இரண்டாம் செல்லின் எண்ணை மீட்டர் காட்டிய அளவுக்கு ஏற்றிச் சேமித்தேன். அந்த வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த பேலன்ஸ் சார்ஜ் முடிந்ததும் அளந்தேன்: 4.20, 4.20, 4.19. ஸ்டோரேஜுக்கு (பயன்படுத்தாமல் எடுத்து வைக்க) 3.8இல் நிறுத்தியபோதும் மூன்றும் ஒட்டியே இருந்தன. கையைத் தட்டிக்கொண்டேன்!

இந்த மெனு எல்லா நகலிலும் இருக்காது. முடிவு வோல்டேஜை மாற்றும் வசதி சில மாடல்களில் உண்டு, ஆனால் அது எல்லாச் செல்லையும் ஒன்றாகத்தான் ஏற்றி இறக்கும், ஒரு செல் மட்டும் தவறினால் அது உதவாது. அப்படிப்பட்ட சார்ஜரை லைப்போவுக்குப் போடாதீர்கள். நிக்கல் பேட்டரிக்கோ ஈய ஆசிட் பேட்டரிக்கோ ஒதுக்கிவிடுங்கள், அங்கே பேலன்ஸ் போர்ட்டுக்கு வேலை இல்லை.