நூல் மாற்றுகிறேன்

ஜூலை 10, வியாழன்

மாலை அறுந்து விழவில்லை, அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். முத்துக்கும் முத்துக்கும் நடுவே நூல் தெரிகிறது, அதுவும் அழுக்கு மஞ்சளாக. பட்டு நூல் முத்துப் பாரத்தில் தொங்கித் தொங்கி நீளத்தான் செய்யும். கொக்கிப் பக்கம் ஒரு இழை பிசிறாக நிற்கிறது. கடையில் கொடுத்தால் சாயங்காலமே கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்றார் அவர். கொடுக்கப் போவதில்லை.

ஜூலை 11, வெள்ளி

சோறு உப்பில்லை. உப்புப் போட்டாலும் உப்பில்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு இது என்ன கொடுமை.

ஜூலை 13, ஞாயிறு

வெட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமையே வெட்டியிருப்பேன், அம்மா விடவில்லை. "ஏட்டி, வெள்ளியும் செவ்வாயுமா கத்திரியத் தொடுதே?"

வெட்டுவதற்கு முன்னால் மாலையை நேராக வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். நடுவில் பெரிய முத்து, இரண்டு பக்கமும் போகப்போகச் சின்னது. வரிசை குலைந்தால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. சுளகில் கருநீலத் துண்டை விரித்து, அதில் ஒரு மடிப்பு மடித்து, அந்தப் பள்ளத்திலேயே முத்துகளை இறக்கினேன். மொத்தம் 61. முத்துக்கு முத்து முடிச்சு இருந்ததால் சிதறவில்லை. ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, ஒவ்வொன்றாக உருவினேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னாள். அப்பா ஆபீஸ் வேலையாக ஐதராபாத் போனபோது கூடவே போய், சார்மினார் பக்கத்தில் வாங்கினது. முத்துக்குளித்துறையில் பிறந்தவள் ஐதராபாத்தில் போய் முத்து வாங்கினாள் என்று தெருவே சிரித்ததாம். இங்கே என்ன இருந்தது வாங்க? 1961-ல் குளித்ததுதான் கடைசி. அம்மா அப்போது சின்னப் பிள்ளை. முத்து அவளுக்கு ஞாபகம் இல்லை, சிப்பி அழுகுகிற நாற்றம்தான் ஞாபகம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகிறாள்.

ஜூலை 16, புதன்

மதுரை, கீமோவுக்கு. ரத்தம் எடுத்து, காத்திருந்து, அப்புறம்தான் டாக்டர்.

"சட்டைப் பட்டன் போட முடியுதா?"

"முடியுது டாக்டர்."

நைட்டிக்கு ஏது பட்டன்? விரல் மதமதப்பு மோசமானால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும் என்றார், ரொம்ப சாதாரணமாக. மருந்து ஏறி முடிகிறவரை கையில் ஐஸ் பையைக் கட்டிவிட்டார்கள். எட்டயபுரம் தாண்டும்வரை நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஸ்டெராய்டு ராத்திரி, மருந்தோடு கொடுத்தது தூங்கவிடாது. மணி இரண்டு. முத்தை எண்ணினேன். 61.

ஜூலை 20, ஞாயிறு

நூல் வந்துவிட்டது. அட்டையில் சுற்றின பட்டு, 2 மீட்டர், நுனியிலேயே மெல்லிய கம்பி ஊசி முறுக்கி வருகிறது. நல்லவேளை. ஊசியில் நூல் கோர்க்கிற வேலை மட்டும் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது. 4-ஆம் நம்பர், 0.60 மில்லிமீட்டர். இதைவிட மெலிந்த நூலென்றால் முடிச்சு ஓட்டைக்குள் நழுவிவிடும்; தடித்தால் கடைசி முத்துகளில் நூல் திரும்பி வரும்போது நுழையாது.

அட்டையிலிருந்து எடுத்த நூல் மடிப்பு மடிப்பாக நிற்கும். அதை ஈரத் துணியால் நீவி, ஆணியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு பூட்டைக் கட்டியிருக்கிறேன். இழுபடுகிறதெல்லாம் இப்போதே இழுபட்டுவிடட்டும். பூஜை அறை வாசலில் பூட்டு தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஜூலை 21, திங்கள்

முத்தை ஈரத் துணியால் துடைத்து, உடனே காயவைத்தேன். மதினி போனில், வினிகரில் ஒரு நிமிஷம் போடு, பளிச்சென்று ஆகும் என்றாள். ஆகும், ஆகும். முத்து என்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. புளிப்புப் பட்டால் மேல்தோல் கரைந்து போகும். எலுமிச்சை, வினிகர் மட்டுமில்லை, வியர்வையும் சென்ட்டும்கூட ஆகாது. "சரி மதினி" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இதைத்தான் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முடிச்சு போடுவது இப்படி. முத்தைக் கோர்த்து, நூலில் தளர்வாக ஒரு சுருக்கு. அந்தச் சுருக்குக்குள் ஊக்கின் நுனியை விட்டு, அதாலேயே முடிச்சை முத்தோடு ஒட்டும்வரை தள்ள வேண்டும். தள்ளியபடியே நூலை இழுத்து, கடைசி நொடியில் ஊக்கை உருவி, நகத்தால் நெருக்க வேண்டும். முடிச்சு ஒரு நூலளவு தள்ளி விழுந்தாலும் பட்டில் அவிழ்க்க வராது. எடுத்துப் பார்த்தால் இழை பிரிந்து பஞ்சாகிவிடும்.

இது முழுக்க விரலின் வேலை. எவ்வளவு இழுத்தால் போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும். என் விரலுக்குத் தெரியவில்லை. மதமதப்பு இப்போது இரண்டாவது கணு வரைக்கும் வந்துவிட்டது, பார்சல் சாம்பார் கவரை விரலில் மாட்டிக்கொண்டது மாதிரி. நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பு. குனிந்து பார்த்தால் இரண்டு விரலும் ஒட்டியே இருக்கிறது, நடுவில் நூல் இல்லை. அது மடியில் கிடக்கிறது. எப்போது விழுந்தது?

அதனால் கண்ணால் பிடிக்கிறேன். மேஜை விளக்கை இழுத்து வைத்து, விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நூல் நிற்கிறது. இமைத்தால் போகிறது. அம்மா எதிரே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது வேறு எரிச்சல்.

நாளைக்கு மறுபடி பட்டன் கேட்பார்கள். முடிகிறது என்றால் முழு அளவு ஏறும், விரல் போகும். முடியவில்லை என்றால் அளவைக் குறைப்பார்கள், அப்புறம் உள்ளே இருப்பது என்ன ஆகும்? எவ்வளவு குறைத்தால் எவ்வளவு போகும்? யாரிடம் கேட்பது? கேட்டால் "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா".

நான்கு முத்து.

ஜூலை 23, புதன்

வேறு டாக்டர். அதே பட்டன்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்துக்குள் போகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா போய்விட்டு வந்தாள், அந்தக் காலிலேயே. என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. பத்தாவது முத்துவரை எல்லா முடிச்சும் ஒட்டி நிற்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மகள் வீடியோ காலில் வந்து, இது நிஜ முத்துதானா என்று கேட்டாள். சந்தேகம் பார் அவளுக்கு. முன்பல்லில் வைத்து லேசாக உரசிப் பார்க்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் வழுக்கிப் போகும், முத்து நறநறக்கும். உரசினேன். பல்லில் மெல்லிய மணல். நறநற என்று நெற்றிவரைக்கும் தெரிந்தது.

அப்புறம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் வெறுமனே இன்னொரு முத்தை எடுத்து உரசினேன். அதுவும் நறநறத்தது. அதற்கப்புறம் இன்னொன்று. "என்னம்மா, முத்தைத் தின்கிறாயா?"

ஜூலை 28, திங்கள்

கால் விரலிலும்.

ஜூலை 30, புதன்

டாக்டர் இன்றைக்குப் பட்டன் கேட்கவில்லை. மேஜையிலிருந்த பேப்பர் கிளிப்பை என் பக்கம் தள்ளி, "எடுங்க" என்றார். எடுத்தேன். "கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

அளவைக் குறைத்துவிட்டார்கள்.

ஜூலை 31, வியாழன்

குறைத்தது நல்லதுக்குத்தான் என்கிறார் அவர். நல்லதுக்கு என்றால் ஏன் முதலிலேயே குறைக்கவில்லை? முதலில் கொடுத்தது எதற்கு? ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சத்தம் போட்டேன், தோசைக் கரண்டி எங்கே என்று. பாவம், அவர் கையில்தான் இருந்தது.

முத்தைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடு முத்தைத் தாண்டியாயிற்று. இனி சின்னதாகிக்கொண்டே போகும், ஓட்டையும் சின்னது. கொக்கிக்குச் சுருள் கம்பி வேண்டும், முடி மாதிரி மெல்லியது. நூல் அதற்குள் போய் வளைந்தால்தான் கொக்கி உரசி அறுக்காது. பழைய மாலையில் அது இல்லை, அதனால்தான் அங்கே பிசிறு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா, உள்ளூர் விடுமுறை. தெருவெல்லாம் பேண்டு வாத்தியம். சாதத்தில் உப்பு தெரிந்தது. கொஞ்சம் கூடத்தான் போட்டிருந்தாள் அம்மா, ஆனாலும் தெரிந்தது.

செவ்வாய் ஊசியைத் தொடாதே என்றாள். தொட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடைசி மூன்று முத்துக்கு இப்போது முடிச்சு கிடையாது. நூல் கொக்கியைச் சுற்றி அதே ஓட்டைகள் வழியாகத் திரும்பி வரும், அப்போதுதான் இடையிடையே போட வேண்டும். முதல் முத்தில் ஊசி நுழைந்துவிட்டது. இரண்டாவதில் பாதியில் நிற்கிறது. இழுத்தால் கம்பி ஊசி ஒடியும். சுளகோடு அப்படியே அலமாரி மேல் வைத்திருக்கிறேன், பெருக்குகிற பெண்ணிடமும் சொல்லியாயிற்று, அந்தப் பக்கம் போக வேண்டாமென்று. நாளைக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.