மேக்ஸி ஜே1820+070: மாடியிலிருந்து சில குறிப்புகள்

2018 மார்ச் 15

சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தியிருக்கும் ஜப்பானின் மேக்ஸி கருவி, 11ஆம் தேதி ஒபியூகஸ் விண்மீன் மண்டலத்தில் புதிதாக ஓர் எக்ஸ் கதிர் மூலத்தைப் பிடித்திருக்கிறது. மேக்ஸி ஜே1820+070 என்பது அதன் பேர். அதே இடத்தில் 6ஆம் தேதியே, வானம் முழுவதையும் அடிக்கடி படம் பிடிக்கும் அசாசின் குழுவின் சிறு தொலைநோக்கிகள் ஒரு புதுப் புள்ளியைக் கண்டு, அசாசின்-18இஒய் என்று பேர் வைத்திருந்தன. இரண்டும் ஒன்றுதான். கருந்துளையாக இருக்கலாம் என்கிறார்கள். எக்ஸ் கதிரில் பிடிபடுவதற்கு ஐந்து நாள் முன்பே சாதாரண வெளிச்சத்தில் தெரிந்துவிட்டது! எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மார்ச் 19

நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கிழக்கே எழுகிறது. நல்ல உயரத்துக்கு வர மூன்றரை ஆகிவிடும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் மார்ச் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். அதில் குறையே இல்லை. எட்டு அங்குலத் தொலைநோக்கி, கேமரா, அரை நிமிட எக்ஸ்போஷர்.

பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் கணக்கில் (எண் கூடினால் மங்கல்) 12க்குப் பக்கத்தில் இருக்கிறது. வழக்கமாக இது 18ஐயும் தாண்டி, என் கருவிக்கு எட்டாத மங்கல். இருநூறு மடங்குக்கு மேல் பிரகாசித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இன்று என்னைக் கட்டிப்போட்டது அதன் படபடப்பு. படத்துக்குப் படம் அளவு மாறுகிறது. காற்றோ மெல்லிய மேகமோ காரணமாக இருந்தால் பக்கத்து விண்மீன்களும் சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட இரண்டும் அசையவே இல்லை. இது மட்டும் துடிக்கிறது.

ஏப்ரல் 8

எக்ஸ் கதிரைவிட வெளிச்சம் ஏன் முந்திக்கொண்டது என்று நண்பர் கேட்டார். கருந்துளையோடு ஜோடியாகச் சுற்றும் துணை விண்மீனிலிருந்து வழியும் வாயு நேராகக் கருந்துளைக்குள் விழுவதில்லை. சுற்றிலும் வட்டாகச் சேர்கிறது. பல வருடம் குளிர்ந்து கிடக்கும் அந்த வட்டில் ஓரிடம் போதுமான அளவு சூடேறினால் ஹைட்ரஜன் அயனியாகும். வாயுவின் பாகுத்தன்மை சட்டென்று கூடும். உள்நோக்கி ஓட்டம் தொடங்கும். வெளிப்பகுதியில் தெரிவது கண்ணுக்குப் புலப்படும் ஒளி. எக்ஸ் கதிர் வருவதோ கருந்துளையை ஒட்டிய உள்ளோரத்திலிருந்து. வாயு அங்கே போய்ச் சேர நாளாகும். மேக்ஸி, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஆகியவற்றின் எக்ஸ் கதிர்க் கருவிகள் எவ்வளவு கூர்மையானவையாக இருந்தாலும், கதையின் முதல் பக்கம் அவற்றின் கண்ணில் படாது.

ஜூன் 17

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் பேட்டர்சன் தலைமையிலான அமெச்சூர் வலையமைப்பு பெரிய செய்தி ஒன்றைச் சொல்லியிருக்கிறது. ஏறத்தாழ 17 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிச்சம் ஏறி இறங்குகிறதாம். இங்கிருந்து ஓர் இரவில் அதில் ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும். மறுநாள் அதே நேரத்தில் வேறு துண்டு. இந்தியாவில் விடிந்ததும் ஐரோப்பாவில் ஒருவர், அப்புறம் அமெரிக்காவில் ஒருவர் என்று தொடர்ந்தால்தான் முழு அலையும் கிடைக்கும். எத்தனை பெரிய தொலைநோக்கியும் ஒற்றையாய் நின்று இதைச் செய்ய முடியாது.

தென்மேற்குப் பருவமழை மேகம். இந்த வாரம் நமக்கு வேலையில்லை.

ஜூலை 28

முழுச் சந்திர கிரகணம். பௌர்ணமி என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இரவு. ஒரு மணியிலிருந்து 1 மணி 43 நிமிடம் நிலா செந்நிறமாக மங்கிக் கிடந்தது. மேக இடைவெளியில் மேற்கே இறங்கிக்கொண்டிருந்த ஒபியூகஸைப் பிடித்தேன். மாத ஆரம்பத்திலேயே எக்ஸ் கதிர் மென்மையான நிலைக்கு, அதாவது ஆற்றல் குறைந்த கதிர்கள் மேலோங்கும் நிலைக்கு, மாறிவிட்டது. புள்ளி மார்ச்சைவிட மங்கல்.

செப்டம்பர் 2

மார்ச் மாத எழுச்சியை அலசிய கட்டுரையைப் படித்தேன். எக்ஸ் கதிர் ஏறுவதற்குச் சுமார் ஏழு நாள் முன்பே வெளிச்சம் ஏறத் தொடங்கியிருக்கிறது. 6ஆம் தேதிக்கு முந்தைய படங்களில் "இன்னும் ஒன்றுமில்லை" என்று இருந்ததையும் வைத்துத்தான் இந்தக் கணக்கு.

2019 மார்ச் 20

மறுபடி பிரகாசித்திருக்கிறது! போன நவம்பரில் மங்கிப் போனது என்று எழுதி மூடிவைத்திருந்தேன். விடியற்காலை எழும் பழக்கம் திரும்பிவிட்டது.

அக்டோபர் 12

ஒரே மூச்சில் மூன்று செய்திகள். முதலாவது, துணை விண்மீனின் நிறமாலையை வைத்து, இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் காலம் 16.5 மணி என்று நிறுவிவிட்டார்கள். மையத்தில் இருப்பது கருந்துளைதான். 17 மணி அலை அதைவிடச் சற்று நீளம், காரணம் வட்டு நீள்வட்டமாகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள 10.4 மீட்டர் தொலைநோக்கியில் ஹைப்பர்கேம் என்ற அதிவேகக் கேமரா எடுத்த பதிவு. எக்ஸ் கதிர் துடித்துச் சுமார் 0.165 வினாடி கழித்து வெளிச்சம் துடிக்கிறது. ஒளி அந்த நேரத்தில் கடப்பது 50,000 கிலோமீட்டர்தான். கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரையின் அடிப்பகுதியிலிருந்து அந்த ஒளி வருவதாகக் கருதுகிறார்கள். போன வருடம் மார்ச்சில் நான் பார்த்த படபடப்பு எனக்கு அரை நிமிடத் துண்டுகளாகத்தான் கிடைத்தது. உள்ளே இத்தனை வேகம் இருந்திருக்கிறது.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. பழைய ஒளிப்படத் தகடுகளில் 1898இலும் 1934இலும் இதே விண்மீன் பிரகாசித்திருக்கிறது. எக்ஸ் கதிர் வானியல் என்ற ஒன்றே அப்போது இல்லை. இதைத் தேடி யாரும் அந்தத் தகடுகளை எடுக்கவில்லை. வானத்தை ஒழுங்காகப் படம் பிடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்றிலிருந்து இது கண்ணில் படாத இரவுகளின் குறிப்பையும், மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் பதிவேட்டுக்கு அனுப்பப் போகிறேன். எந்த மேக்னிட்யூட் வரை தேடினேன், அங்கே இல்லை என்று. அடுத்த எழுச்சி எந்த நாளில் தொடங்கியது என்று கணக்கிட அவையும் வேண்டும்.