24 இஞ்ச் மிருதங்கம் 16 இஞ்ச் ஆன கதை

வடபழனியில ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவுல நான் கீபோர்டு புரோகிராமரா சேர்ந்தப்ப அங்க இருந்த சாம்ப்ளர் (வாத்தியத்தோட சத்தத்த பதிவு பண்ணி, கீபோர்டுல கீ அமுக்கினா வாசிக்கிற மெஷின்) அகாய் எஸ்1000. 1988ல வந்த மெஷின், எங்ககிட்ட வர்றதுக்குள்ள ரெண்டு மூணு கை மாறியிருந்தது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சத்தத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா மெமரி வெறும் 2 எம்பி. மோனோல எடுத்தாலே 23 செகண்டு சொச்சம்தான் புடிக்கும். அந்த 23 செகண்டுக்குள்ள ஒரு வாத்தியத்தையே அடக்கணும், அதனால ஒரு சாம்பிள, அதாவது பதிவு பண்ண ஒரு சத்தத்த எடுத்து எத்தன கீக்கு இழுக்க முடியுமோ அத்தன கீக்கு இழுக்கறதுதான் அப்ப எங்க எல்லாருக்கும் பழக்கம்.

எனக்கு முதல்ல குடுத்த வேலை மிருதங்கம். ஒரு வித்வான் வந்து 1 கட்டை ஸ்ருதியில (கட்டைன்னா இங்க ஸ்ருதியோட அளவு, 1 கட்டைன்னா கீபோர்டுல C) 12 சொல்லு, அதாவது 12 விதமான அடி, தனித்தனியா வாசிச்சு குடுத்தார், நம், தீம், சாப்பு, அரைச்சாப்பு, தொம், கும்கி இப்படி. கீபோர்டுல 61 கீ, அஞ்சு ஆக்டேவ். ஒரு ஆக்டேவுக்கு 12 கீ, 12 சொல்லு, கணக்கு கையில வச்ச மாதிரி ஒத்து வந்தது. கீழ் ஆக்டேவ் 1 கட்டை, அடுத்தது 2, அப்பறம் 3, 4, மேல 5 கட்டைன்னு அஞ்சு செட் போட்டேன், எல்லாத்துக்கும் அதே 12 சாம்பிள்தான், ட்யூன மட்டும் ஏத்தி ஏத்தி வச்சுக்கிட்டே போனேன். எந்த கீக்கு எந்த சாம்பிள்னு சொல்ற கீகுரூப்ப ஒவ்வொன்னா திறந்து, கீழ் எல்லை மேல் எல்லை ரெண்டும் ஒரே கீயா வச்சு, ட்யூன் போட்டு சேவ் பண்றதுக்குள்ள விடிஞ்சுருச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மறுநாள் வித்வான் வந்து உக்காந்து கீழ் ஆக்டேவுல நம் அமுக்கினார், தலையாட்டினார். மேல 5 கட்டை செட்டுல அதே நம் அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்னும் சொல்லல. அப்பறம், "தம்பி, ஸ்ருதி சரியாத்தான் இருக்கு, ஆனா இது மிருதங்கம் இல்லப்பா, மரக்கட்டையே சின்னதாயிடுச்சு"ன்னார்.

அவர் சொன்னது எனக்கு உறைக்க ரெண்டு நாள் ஆச்சு. கல்லால தட்டி ஸ்ருதி ஏத்தும்போது தோலு இறுகுது, வாரு இறுகுது, ஆனா பலாக்கட்டை அப்படியே இருக்கு, அதுக்குள்ள இருக்கற காத்தும் அப்படியேதான் இருக்கு. சாம்ப்ளருக்கு தோலு வேற கட்டை வேறன்னு தெரியாது, ஸ்ருதி ஏத்தச் சொன்னா மொத்தத்தையும் வேகமா ஓட்டும், அவ்ளோதான். 1 கட்டைலருந்து 5 கட்டைக்கு 7 செமிடோன் (ஒரு செமிடோன்னா கீபோர்டுல அடுத்த கீ), அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகம். 'நம்'ங்கற சொல்லோட கார்வை, அதாவது சத்தம் நீடிக்கிற நேரம், மூணுல ரெண்டு பங்கா சுருங்கிடும், 24 இஞ்ச் மிருதங்கம் காதுக்கு 16 இஞ்ச் மாதிரி ஆயிடும். நெசத்துல 5 கட்டை பாடறவங்களுக்கு வாசிக்கிற எச்சு ஸ்ருதி (உயர்ந்த ஸ்ருதி) மிருதங்கம் 22 இஞ்ச் இருக்கும். ரெண்டு இஞ்ச் குறைய வேண்டிய இடத்துல நான் எட்டு இஞ்ச் குறைச்சிருக்கேன்! வித்வான் காது அதத்தான் புடிச்சிருக்கு.

கொஞ்ச மாசத்துல முதலாளி மெமரிய 8 எம்பி ஆக்கி குடுத்தார், ஒன்றரை நிமிஷம் கிடைச்சது. திரும்ப அவரையே கூப்பிட்டோம். 1 கட்டை, 2½ கட்டை, 4½ கட்டைன்னு மூணு மிருதங்கம் கொண்டு வந்து காலையிலயே மூணுக்கும் தொப்பியில, அதாவது இடது பக்கத்து தோல்ல, ரவைய பிசைஞ்சு ஒட்டிட்டார். ஏன் இந்த மூணு ஸ்ருதின்னா, 2½ல எடுத்தத ஒரு செமிடோன் இறக்கினா 2 கட்டை, ஏத்தினா 3 கட்டை, அதே மாதிரி 4½லருந்து 4ம் 5ம் வந்துரும். எந்த சாம்பிளும் ஒரு செமிடோனுக்கு மேல நகரவே வேணாம். அந்த அளவுக்கு மரக்கட்டை சைஸ் மாறற மாதிரி ஆனாலும் காதுக்கு தெரியல.

இன்னொரு மாத்தமும் பண்ணேன். தகதிமி வேகமா வாசிச்சா ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப விழுந்து தட்டச்சு மாதிரி கேக்கும், அதனால 12ல அதிகம் தேவைப்படாத ஒரு சொல்ல எடுத்துட்டு அந்த கீயில இன்னொரு த வச்சேன், ரெண்டு விரலால மாத்தி மாத்தி அமுக்கினா உயிர் வந்துரும். இப்ப சாஃப்ட்வேர்ல ரவுண்ட் ராபின்னு அதுவே பண்ணிக்குது. கும்கி மட்டும் எத்தன மெமரி குடுத்தாலும் பத்தாது, இடது கை அழுத்தம் ஒவ்வொரு வாட்டியும் வேற, இன்னைக்கும் நான் பாட்டுல கும்கி வேணும்னா ஆளத்தான் கூப்பிடுவேன்.

ராத்திரி 9 மணிக்கு மேப்பிங் முடிச்சு வித்வான்கிட்ட கீபோர்ட தள்ளினேன். அஞ்சு ஆக்டேவுலயும் நம் அமுக்கிட்டே வந்தார், மூஞ்சி மலர்ந்துச்சு. அப்பறம் தொப்பியில வாசிக்கிற தொம். 1, 2, 3 ஓகே. 4ல வந்து நின்னார், 5லயும் ஒரு தடவ அமுக்கினார். "இது கடைசியா எடுத்ததா? ஏசியில ரவை காஞ்சிருக்கு, கேளு, தொப்பி ஸ்ருதி ஏறிப்போச்சு." நான் மூணு வாட்டி கேட்டப்பறம்தான் எனக்கு தெரிஞ்சது. மைக் இன்னும் கழட்டல, மிருதங்கமும் உறைக்குள்ள போகல. அவர் பையிலருந்து ரவை டப்பாவ எடுத்து, உள்ளங்கையில கொஞ்சம் தண்ணி விட்டு பிசைய ஆரம்பிச்சார், நான் 4½ கட்டை தொம்ம மெமரிலருந்து அழிச்சேன்.