ஸ்னோகேப்: ஊதாவைத் தேடாதீர்கள், நெற்றியைப் பாருங்கள்

ஸ்னோகேப் ஹம்மிங் பறவையைப் படத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் காட்டில் ஆணின் உடலில் மின்னும் அந்த ஊதாவை, திராட்சைச்சாற்று நிறத்தைத்தான் தேடுவார்கள். கண்ணில் படாது. இறகுக்குள் இருக்கும் நுண்தகடுகள் ஒளியைச் சில கோணங்களில் மட்டுமே திருப்பி அனுப்புவதால் வரும் நிறம் அது. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் ஊதா பளிச்சிடும். நிழலில் பறவை வெறும் கறுப்பு. ஆணின் நெற்றியிலிருந்து உச்சந்தலைவரை பரவிய வெள்ளை அப்படியல்ல, எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். இருட்டான மழைக்காட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி பூவுக்குப் பூ தாவினால் அதுதான். மொத்த நீளமே ஏறக்குறைய 6 செ.மீ., எடை சுமார் 2.5 கிராம்.

பெண் பறவையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதுகு வெண்கலப் பச்சை, வயிறு மங்கல் வெள்ளை, தலையில் வெள்ளை கிடையாது. அதே மலைச்சரிவில் வாழும் நெருங்கிய உறவான காப்பரி-ஹெடட் எமரால்டு என்ற ஹம்மிங் பறவையின் பெண்ணும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அலகைப் பாருங்கள்: ஸ்னோகேப்புக்குக் குட்டையாக, நேராக இருக்கும், மற்றதற்கு லேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், விலாவில் பச்சைப் புள்ளிகளும் உண்டு. வாலை நம்ப வேண்டாம், இரண்டிலும் ஓர இறகுகள் வெள்ளை, நுனிப்பக்கம் கரும்பட்டை. இளம் ஆண் தாயைப் போலத் தொடங்கி அடிப்பக்கத்தில் திட்டுத்திட்டாகக் கருமையேறும். அந்த அரைகுறைக் கோலத்தைப் பார்த்து வேறு இனம் என்று குறித்துவிடாதீர்கள்.

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் முதல் பனாமா வரை கரீபியப் பக்கத்து ஈர மலையடிவாரங்கள் ஸ்னோகேப்பின் வீடு. கோஸ்டா ரிகாவில் பிராலியோ கரியோ தேசியப் பூங்காப் பகுதி நல்ல இடம். ஜனவரி முதல் மே வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் 300 முதல் 800 மீட்டர் உயரத்தில் தேடுங்கள். அது முடிந்ததும் பல பறவைகள் சமவெளிக்கு இறங்கிவிடும்.

ஹம்மிங் பறவைகளுக்காகத் தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவையருகே காத்திருப்பது வீண். சீமை நாயுருவி வேலி இருந்தால் அங்கே நில்லுங்கள், அதன் சின்னஞ்சிறு பூக்கள் இந்தக் குட்டை அலகுக்கு ஏற்றவை. பெரிய ஹம்மிங் பறவைகள் துரத்துவதால் ஓரப் பூக்களையே கவனியுங்கள். படமெடுத்தால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதியும் வெளிச்ச அளவை, 0.7 முதல் 1 ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள் (1 ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கருத்த உடலைக் கணக்கில் வைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நெற்றி இறகு ஒன்றுகூடத் தெரியாமல் வெளுத்துப் போகும்.